மரத்தடியில் நிற்கும் கார்: எந்தத் தழும்புக்கு என்ன வைத்தியம்

எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடு, கார் நிறுத்த ஐந்தே இடம். இடம் கிடைக்காத மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதால் பதினோரு வருடமாக என் வெள்ளை ஹேட்ச்பேக் சென்னைத் தெருவில் மரத்தடியில்தான் நிற்கிறது. நேர் மேலே ஒரு தூங்குமூஞ்சி மரம், பத்தடி தள்ளி ஒரு வேம்பு, எதிர்வீட்டு மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஒரு தென்னை. மூன்றும் முறை வைத்துக்கொண்டு எதையாவது போட்டுக்கொண்டே இருக்கும். பிசின், காய், சுள்ளி, குரும்பை, மட்டை, ஒருமுறை தொடை தடிமனில் ஒரு கிளை. சரிசெய்து சரிசெய்து, இப்போது தெருவில் யார் கார் மேல் எது விழுந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் காரில் இன்றும் இருக்கும் கோடுகளில் முக்கால்வாசி மரம் போட்டதல்ல, நான் துடைத்தபோது வந்தது. காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில், பானெட் மேல் கிடக்கும் சருகையும் சுள்ளியையும் காய்ந்த துணியால் ஒரே இழுப்பில் தள்ளிவிடுவோமே, அதுதான். எங்கள் ஏரியா டிங்கர் அண்ணன் என் காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "சார், தேங்காய் விழுந்த டென்டைக்கூட எடுத்துக் கொடுத்துடுவேன். நீங்க தேய்ச்சு வச்ச கோட்டை எடுக்கத்தான் காசு ஆகும்" என்றார்.

எனவே எது விழுந்தாலும் முதலில் போனில் ஒரு படம், அடுத்து தண்ணீர், கடைசியில்தான் கை.

பெரிய கிளை கார் மேல் கிடக்கிறது

கிட்டே போவதற்கு முன் மேலே பாருங்கள். கிளையோடு சேர்ந்து மின்கம்பி அறுந்து கிடந்தாலோ, கிளை கம்பி மேல் சாய்ந்திருந்தாலோ காரைத் தொடவே கூடாது, பக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதிலும் கால் வைக்கக் கூடாது. மின்வாரியத்துக்கு 1912, சென்னை மாநகராட்சிக்கு 1913, தீயணைப்புக்கு 101. மழை நேரத்தில் 1913 கிடைக்கக் கொஞ்சம் நேரமாகும், விடாமல் அடியுங்கள்.

கம்பி இல்லையென்றால், நான்கு பக்கமும் நின்று படம் எடுங்கள். கிளை, மரம், வண்டி நம்பர் மூன்றும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி குறைந்தது இரண்டு படம் எடுங்கள். கிளையை எடுத்த பிறகு எடுக்கிற படத்தை வைத்து, இது மரம் விழுந்த டென்டா எங்கேயோ இடித்ததா என்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

அப்புறம்தான் அகற்றும் வேலை. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள்: நாலு பேர் சேர்ந்து ஒரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். இழுத்தால் கிளையின் கணுவெல்லாம் ரூஃபில் உழுதுகொண்டு போகும். வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று எங்கள் தெருவில் ஏழு கார் மேல் மரம் விழுந்தது. அதில் ஒரு காரில் கிளை விழுந்ததால் வந்தது ஒரு சின்னக் குழி மட்டும், இழுத்ததால் ரூஃபின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பெயிண்ட் போனது. சிறு கொப்புகளை முதலில் ஒடித்தும் அறுத்தும் எடுத்துவிடுங்கள், பளு குறைந்த பிறகு நடுத்தண்டை இரண்டு பக்கமும் பிடித்து நேர் மேலே தூக்குங்கள். இரண்டு பேரால் தூக்க முடியாத கனம் என்றால் மாநகராட்சி ஆள் ரம்பத்தோடு வரும்வரை காத்திருங்கள். அவர் அறுக்கும்போது கிளைக்குக் கீழே பழைய மெத்தையோ நாலாக மடித்த போர்வையோ செருகக் கேளுங்கள்.

காரை உடனே ஸ்டார்ட் செய்து நகர்த்தலாமா? பானெட் மேல் விழுந்திருந்தால் வேண்டாம். பானெட் லாக் சரியாக மாட்டுகிறதா, ரேடியேட்டருக்குக் கீழே பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் ஒழுகுகிறதா என்று பாருங்கள். லாக் மாட்டாத பானெட் ஓடும்போது காற்றில் எழுந்து கண்ணாடியில் அறையும். கயிற்றால் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார், கேட்காதீர்கள், டோ வண்டி வரட்டும்.

கார் முழுக்கப் பிசுபிசுப்பு, சின்னச் சின்னப் புள்ளி

*தடவினால் ஒட்டுகிறது, தண்ணீர் பட்டால் கரைகிறது.* இது பெரும்பாலும் பிசினே அல்ல, இலையில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புத் திரவம். மாமரம் பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சி இதை மழை மாதிரி பொழியும். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் உண்டு. புதிதாக இருக்கும்போது ஒரு வாளி தண்ணீரும் கார் ஷாம்புவும் போதும். இரண்டு வாரம் விட்டால் அதன் மேல் கரும்பூஞ்சை பிடித்துக் கார் கரி பூசினமாதிரி ஆகிவிடும். அப்போதும் ஷாம்புதான், ஆனால் பத்து நிமிடம் ஊறவிட்டு இரண்டு முறை.

*கட்டியாக, மஞ்சளாக, கண்ணாடி மணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.* இதுதான் அசல் பிசின், வேம்பும் முருங்கையும் விடுவது. நகத்தால் சுரண்டாதீர்கள், பிளேடு பக்கமே போகாதீர்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு வையுங்கள், பாதி இளகிவிடும். மீதிக்குத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு வைத்து விரலால் வட்டமாக உருட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும், சரிபாதி தண்ணீர் கலந்து பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவி அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் வாக்ஸ்.

தின்னர் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை லோக்கலில் பெயிண்ட் அடித்த பேனல் என்றால் பிசினோடு பெயிண்டும் துணியில் வந்துவிடும். என் பக்கத்து வீட்டுத் தம்பி பின்கதவில் இதைச் செய்து பார்த்தான். பிசின் இருந்த இடத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு, பெயிண்டுக்கு அடியில் இருக்கும் சாம்பல் நிறப் பிரைமர் பூச்சு எட்டிப் பார்த்தது.

*கழுவிய பிறகும் உள்ளங்கையில் சொரசொரப்பு.* ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு ஈரமான பானெட்டைத் தடவுங்கள், வெறுங்கைக்குத் தெரியாதது தெரியும். கிளே பார் என்று களிமண் மாதிரி ஒன்று விற்கிறார்கள், ஷாம்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அதை அழுத்தாமல் ஓட்டினால் போய்விடும். கிளே கீழே விழுந்தால் எடுத்து மறுபடி ஓட்டாதீர்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்: பிசின் இருந்த இடத்தில் பெயிண்டே சுருங்கி விரிசல் விட்டிருந்தால். அதற்கு மேல் நம் கையால் ஆவது ஒன்றுமில்லை.

கறை: பழுப்பு, ஊதா, மஞ்சள்

வெள்ளைக் கார்க்காரர்களின் தனிப்பட்ட துக்கம் இது. நனைந்த சருகு இரண்டு நாள் ஒட்டிக் கிடந்தால் இலையின் வடிவம் அப்படியே பழுப்பாக அச்சாகும். நாவல் பழம் ஊதா. பெருங்கொன்றைப் பூ மழையில் நசுங்கினால் மஞ்சள். இவை எல்லாம் பார்க்கத்தான் பயங்கரம். ஷாம்பு, போகாவிட்டால் கிளே, அதற்கும் போகாவிட்டால் சும்மா விடுங்கள். என் அனுபவத்தில் பழக்கறையும் இலைக்கறையும் ஒரு வாரம், பத்து நாள் வெயிலில் தானாகவே மங்கிவிடுகின்றன. பொறுமை இல்லாமல் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையை எடுத்து அரைத்துவிட்டு, கறை போனதே என்று சந்தோஷப்படுபவர்கள் அடுத்த வருடம் அந்த இடம் மட்டும் மங்கிப் போனதைப் பார்ப்பார்கள்.

அவசரம் காட்ட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: மரத்தில் உட்காரும் காக்கை, வௌவால் எச்சத்துக்கு. கோடை மதியத்தில் பானெட் சுடும்போது விழுந்தால் சில மணி நேரத்திலேயே பெயிண்டின் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சை, அதாவது கிளியர் கோட்டை, அரிக்க ஆரம்பிக்கும். நனைத்த டிஷ்யூவை மேலே போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு அப்படியே அள்ளி எடுங்கள்.

*கழுவிய பிறகும் வளையம் மாதிரி ஒரு தடம்.* சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிறது, நகத்தில் தட்டவில்லை என்றால் கையாலேயே மெல்லிய பாலிஷ் போட்டால் போகும். நகம் பள்ளத்தில் இறங்குகிறது என்றால் மெஷின் பாலிஷ் போடுகிறவரிடம் விடுங்கள். வளையத்துக்குள் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் பாலிஷ் வேலைக்கு ஆகாது, அந்த பேனலுக்கு மறுபடி கிளியர் கோட் அடிக்க வேண்டும்.

கோடு

கம்பெனி பெயிண்டில் மேலே இருக்கும் கிளியர் கோட் சுமாராக 40, 50 மைக்ரான்தான், தலைமுடி ஒன்றின் தடிமன்கூட வராது. மொத்தப் பெயிண்டே பல சின்னக் கார்களில் 100 மைக்ரான் பக்கம்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

முதல் சோதனை தண்ணீர். கோட்டின் மேல் ஈரவிரலால் தடவுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டோடு நிற்கிறது. இரண்டாவது நகம். குறுக்கே இழுத்தால் தட்டுகிறதா? மூன்றாவது நிறம். கோட்டுக்குள் என்ன தெரிகிறது?

*ஈரத்தில் மறைகிறது, நகம் தட்டவில்லை.* துடைத்த கோடு, சின்னச் சுள்ளி. பாலிஷ் போதும். அதுவும் வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் கிளியர் கோட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

*நகம் லேசாகத் தட்டுகிறது, உள்ளே அதே நிறம்தான்.* ரப்பிங் காம்பவுண்ட், அதற்கப்புறம் பாலிஷ். பஃபிங் மெஷின் பழக்கம் இல்லாதவர்கள் கையாலேயே செய்யுங்கள், நேரமாகும், ஆனால் விளிம்பில் பெயிண்டை எரிக்க மாட்டீர்கள். பேனலின் மடிப்புகளிலும் ஓரங்களிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே மெஷின் நின்றால் சில நொடிதான். 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு எடுக்கும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் தடிமன் அளக்கும் கருவி இருக்கிறது, நம் கையில் இல்லை.

*உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிகிறது.* பிரைமர் வரை போய்விட்டது. டச்சப் பெயிண்ட் கட்டம், அடுத்ததில் சொல்கிறேன்.

*உள்ளே பளபளவென்று தகரம், அல்லது செம்பழுப்பு.* இதைத் தள்ளிப்போடவே கூடாது. கடற்கரை ஊரில் தகரம் வெளியே தெரிந்தால் ஒரே மழையில் துரு வந்து உட்கார்ந்துவிடும். அன்றைக்கே ஒன்றும் செய்ய முடியாவிட்டால், சுத்தமாகத் துடைத்துக் காயவிட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. அழகாக இருக்காது, ஒரு வாரம் தாங்கும்.

பெயிண்ட் தெறித்த புள்ளி, சிறு கொத்தல்

தூங்குமூஞ்சிக் காய் உயரத்திலிருந்து விழும்போதும், வௌவால் வாதாங்கொட்டையைக் கொறித்துவிட்டுப் போடும்போதும் இப்படி ஆகும். இதை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் காரின் கலர் குறியீடு, டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ பானெட்டுக்குக் கீழே உள்ள தகட்டிலோ இருக்கும். ஷோரூம் பார்ட்ஸ் கவுண்டரில் அந்தக் குறியீட்டைச் சொன்னால் டச்சப் பேனா கிடைக்கும். "வெள்ளைதானே சார்" என்று கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள், ஒரே கம்பெனியிலேயே மூன்று வெள்ளை இருக்கும்.

இடத்தை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை எடுங்கள். துரு இருந்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரைப் பென்சில் முனையில் சுற்றிப் புள்ளிக்குள் மட்டும் தேய்த்துத் தகரம் தெரியவிடுங்கள். தகரம் தெரிந்தால் முதலில் பிரைமர். பேனாவோடு வரும் பிரஷ் தடிமனானது, அது புள்ளியைச் சுற்றித் திட்டு போட்டுவிடும், பல்குத்தும் குச்சியின் முனைதான் சரி. ஒரு சொட்டைத் தொட்டுப் பள்ளத்தின் நடுவில் வையுங்கள், தானாகப் பரவும். அரைமணி நேரம் காயவிட்டு அடுத்த பூச்சு. மூன்று, நான்கு மெல்லிய பூச்சில் பள்ளம் முக்கால்வாசி நிரம்ப வேண்டும், மேலே கிளியர். மழைநாளில் செய்யாதீர்கள், ஈரப்பதத்தில் பூச்சு பால் மாதிரி வெளுத்துப்போகும்.

*புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளமாக எழுந்திருக்கிறது.* அடியில் துரு பரவிவிட்டது என்று அர்த்தம். மேலே பூசினால் உள்ளே வளரும். டிங்கரிங் கடைதான்.

குழி விழுந்திருக்கிறது, பெயிண்ட் உடையவில்லை

குரும்பைக்கு இந்த வேலை கைவந்த கலை. தேங்காய் விழுந்தால் எல்லோரும் பதறுவார்கள், குரும்பையை யாரும் மதிப்பதில்லை, ஆனால் ரூஃபில் ஆழாக்குக் கவிழ்த்த மாதிரி வட்டக் குழி போடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

சோதனை: இரவில் ஏதாவது ஒரு டியூப்லைட்டின் கோடு பேனலில் தெரிகிற மாதிரி காரை நிறுத்துங்கள். கோடு குழியில் வளைகிறது, ஆனால் பிசிறில்லாமல் வளைகிறது என்றால் பெயிண்ட் நன்றாக இருக்கிறது. கோட்டில் முடி மாதிரி பிசிறு தெரிந்தால் பெயிண்ட் விரிந்திருக்கிறது, அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

*பிளாஸ்டிக் பம்பரில் குழி.* கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றி உள்பக்கமிருந்து கையால் தள்ளுங்கள், பெரும்பாலும் டப்பென்று வெளியே வரும். செலவு ஒரு கெட்டில் தண்ணீர். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

*தகரத்தில் அகலமான, ஆழமில்லாத குழி.* ரூஃபின் நடுவில், பானெட்டின் நடுவில் என்றால், கண்ணாடி தூக்கும் சக்ஷன் கப்பை ஈரமாக்கி ஒட்டி ஒருமுறை, இரண்டுமுறை இழுத்துப் பாருங்கள். வந்தால் வந்தது. வராவிட்டால் விடுங்கள். மேலே மேலே இழுத்தால் குழியைச் சுற்றி மேடு எழும்பும். ஹேர் டிரையரால் சூடாக்கி ஐஸ் வைக்கும் வித்தையை நான் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன், கரண்ட் பில் மட்டும்தான் மாறியது.

*சின்ன வட்டக் குழி, அல்லது பேனலின் மடிப்புக்கோட்டில் குழி.* பெயிண்ட் அடிக்காமல் உள்ளிருந்து கம்பியால் நெம்பி டென்ட் எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயிண்ட் உடையாத எந்தக் குழிக்கும் முதலில் இவர்களைத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி பெயிண்ட் அப்படியே நிற்கிறது, குழியை நிரப்பும் பட்டி கிடையாது, விற்கும்போது மதிப்பு குறையாது. நேராக டிங்கரிங் கடைக்குப் போனால், அவர் கையிலிருப்பது சுத்தியலும் பட்டியும், அதைத்தான் அவர் சொல்வார், அவர்மேல் தப்பில்லை. ரூஃபின் ஓரத்தில் குழி என்றால் ஒன்றைக் கேட்டு வையுங்கள்: பக்கவாட்டில் திரை மாதிரி இறங்கும் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அது ரூஃப் ஓரத்தில், உள்கூரை லைனிங்குக்கு உள்ளேதான் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். "ஏர்பேக் இருக்குன்னு தெரியும்ல?" என்று கேட்டதற்கு அவர் விழித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

குழியும் விழுந்து பெயிண்டும் உடைந்திருக்கிறது

இது கடை வேலைதான். ஆனால் கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் ஏமாற மாட்டீர்கள். தகரத்தைத் தட்டி நேராக்கி, பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர், கலர், கிளியர். தட்டுவதற்கு நேரமும் கைத்திறனும் வேண்டும், பட்டிக்கு இரண்டும் வேண்டாம், அதனால் குழியைத் தட்டாமல் பட்டியாலேயே நிரப்பிவிடும் கடைகள் உண்டு. வேலை முடிந்து பார்க்கும்போது ஜோராக இருக்கும், இரண்டு கோடை கழிந்தால் வெடிக்கும். பட்டி போடுவதற்கு முன் வெறும் தகரமாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். போக முடியாவிட்டால் டெலிவரி எடுக்கும்போது மெல்லிய துணியில் சுற்றிய சின்னக் காந்தத்தை அந்த இடத்தில் வையுங்கள். பக்கத்து பேனலில் பிடிப்பது போலப் பிடிக்காமல் நழுவினால் அடியில் பட்டி தடிமனாக இருக்கிறது.

கலர் பொருத்தக் குறியீடு மட்டும் போதாது. பத்து வருட வெயிலில் உங்கள் கார் அந்தக் குறியீட்டின் நிறத்திலிருந்து கொஞ்சம் விலகிப் போயிருக்கும். பெட்ரோல் மூடியைக் கழற்றி மிக்ஸிங் கடைக்குக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் கேட்காமலே செய்வார். மெட்டாலிக், பேர்ல் நிறம் என்றால் பக்கத்து பேனலுக்குள் கொஞ்சம் கலக்கி அடித்தால்தான் வித்தியாசம் தெரியாது, அதற்குக் கூடுதலாகக் காசு கேட்பார்கள், கொடுங்கள். தூசி புகாத பெயிண்ட் பூத் (அடைத்த அறை) இல்லாமல் தெருவோரத்தில் அடிக்கிற இடத்தில் மெட்டாலிக் அடிக்க வேண்டாம்.

பானெட்டின் உள்சட்டமே மடங்கியிருந்தால் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், மாற்றுவதுதான் புத்தி. பானெட், முன் ஃபெண்டர், கதவு இவையெல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றி மாட்டும் வேலை.

ரூஃப் அமுங்கிவிட்டது

ரூஃப் போல்ட்டில் நிற்பதல்ல, உடம்போடு வெல்டிங் செய்தது. அதனால் இங்கே நம் வேலை சோதிப்பது மட்டும்.

நான்கு கதவையும் திறந்து மூடுங்கள். எப்போதும் கேட்கும் அதே சத்தம் வருகிறதா, ஏதாவது ஒன்று மேலே உரசுகிறதா? கதவுக்கும் ரூஃபுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஏ.டி.எம். கார்டை வைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் மாட்டினால் தூண் நகர்ந்திருக்கிறது. முன்கண்ணாடியின் மேல் ஓரத்திலிருந்து விரிசல் இறங்குகிறதா? உள்ளே லைனிங் தொங்குகிறதா? ஹோஸ் பைப்பில் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு உள்ளே ஒருவரை உட்கார வையுங்கள்.

எல்லாம் சரி, நடுவில் மட்டும் அமுங்கல் என்றால் டென்ட் எடுப்பவர் லைனிங்கை இறக்கி உள்ளிருந்து தூக்கிவிடுவார். கதவு உரசுகிறது, தூண் நகர்ந்திருக்கிறது என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டர், இன்ஷூரன்ஸ், அவ்வளவுதான். ரூஃபை அறுத்து வேறு ரூஃப் வைக்கும் வேலையை மலிவாகச் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காப்பது அதுதான்.

கண்ணாடி பற்றி ஒரு வரி: முன்கண்ணாடியில் சின்ன நாணயத்துக்குள் அடங்கும் தெறிப்பை, டிரைவர் பார்வைக்கு நேராகவும் ஓரத்திலும் இல்லாவிட்டால், ரெசின் ஏற்றி நிறுத்தலாம். அதுவரை அதன் மேல் செலோ டேப், ஏ.சி. குறைவாக. பின்கண்ணாடி உடைந்தால் மொத்தமாகப் பொடியாகிவிடும், அதற்கு ரிப்பேர் என்பதே இல்லை.

மழை பெய்தால் உள்ளே ஈரம்

மரம் எதையும் உடைக்கவில்லை, ஆனால் முன் சீட்டுக்குக் கீழே கார்பெட் ஊறியிருக்கிறது. வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் ஜாலியைப் பாருங்கள். தூங்குமூஞ்சி இலையும் வேப்பிலையும் அந்த ஜாலியில் நுழைகிற அளவுக்குச் சின்னவை. உள்ளே போய் மக்கி, தண்ணீர் வடியும் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கி ஏ.சி.க்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கும். நான் முதல் தடவை திறந்தபோது உள்ளே இரண்டு கை மண், அதில் ஒரு வேப்பஞ்செடி முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

ஒரு குவளை தண்ணீரை ஜாலியில் ஊற்றுங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் உடனே வடிந்தால் அடைப்பு இல்லை. வடியாவிட்டால் ஜாலியைக் கழற்றிக் கையால் மண்ணை அள்ளி எடுத்துவிட்டு, வளையும் கேபிள் டை ஒன்றை ஓட்டைக்குள் விடுங்கள். அப்படியே கையோடு கதவுகளின் அடி ஓட்டை, டிக்கி ஓரத்துப் பள்ளம். சன்ரூஃப் இருந்தால் மூலையில் உள்ள டியூப்களும். அதில் கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே டியூப் கழன்றால் லைனிங்கையே இறக்க வேண்டியிருக்கும். ஈரம் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்து டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரிந்தால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள், சில கார்களில் கார்பெட்டுக்குக் கீழேதான் ஒயரிங் ஓடுகிறது.

கிளெய்ம் போடலாமா

வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் மரம் விழுந்ததற்கு ஒரு பைசா வராது. நம் காரின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசி இருந்தால் வரும், புயலில் விழுந்தாலும் சும்மா விழுந்தாலும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாய், கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் 50 சதவீதம் என்று வையுங்கள். கட்டுவது 4,000. கிளெய்ம் போட்டால் அடுத்த ஐந்து வருடம் போனஸ் 0, 20, 25, 35, 45 என்று ஏறும்: 8,000, 6,400, 6,000, 5,200, 4,400. மொத்தம் 30,000. போடாமலிருந்தால் 20,000. ஆக 10,000 ரூபாய்க்குள் முடிகிற வேலைக்குக் கிளெய்ம் நஷ்டம். அதோடு கிளெய்ம் தொகையில் கட்டாயமாகப் பிடித்துக்கொள்வது 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் இல்லாவிட்டால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக்கில் தேய்மானம் என்று பாதி நம் தலையில். கண்ணாடிக்கு மட்டும் அந்தத் தேய்மானம் கிடையாது.

இரண்டு பேனலுக்குக் குறைவு என்றால் நான் கையிலிருந்தே கொடுத்துவிடுவேன். ரூஃப் என்றால் யோசிக்காமல் கிளெய்ம். கிளெய்ம் என்று முடிவெடுத்தால் சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் பிரித்துவிடாதீர்கள்.

எங்கே நிறுத்துவது, கவர் போடுவதா

கவர் நல்லதுதான், கழுவிய கார் மேல் போட்டால். தூசி படிந்த கார் மேல் போட்டுவிட்டால் காற்றில் அது ஆடி ஆடி, நான் முதலில் சொன்ன காய்ந்த துணி வேலையை இரவெல்லாம் செய்யும். குரும்பைக்கும் மட்டைக்கும் கவர் ஒரு தடையே அல்ல. செராமிக் கோட்டிங்கும் அப்படித்தான், பிசினும் எச்சமும் சுலபமாகக் கழுவ வரும், அடியைத் தாங்காது.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால்: தென்னைக்கு நேர் கீழே ஒருபோதும் வேண்டாம். முருங்கை வேண்டாம், காற்றே இல்லாமல் ஒடியும். பட்ட கிளை தொங்கும் எந்த மரமும் வேண்டாம். தெரு மரத்தை நாமே வெட்டக் கூடாது, 1913இல் சொல்லிப் புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே காரை மரமில்லாத இடத்துக்கு நகர்த்திவிடுங்கள், அன்று காலை எல்லோரும் அதே இடத்தைத்தான் தேடுவார்கள். நான் போன மழைக்காலத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம் சொல்லி அங்கே போட்டேன். காலையில் கார் மேல் இருந்தது இரண்டு வாழை இலையும் ஒரு மாலையும்தான். முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் எடுத்தேன்.